கம்ப்யூட்டர் லிக்விட் கூலரில் பம்ப் சத்தம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். எனக்கு வரும் போன்களில் பாதி விலை கேட்டு வருபவை. மீதியில் பெரும்பங்கு "அண்ணா, கூலர்ல இருந்து ஒரு மாதிரி சத்தம் வருது" என்று ஆரம்பிப்பவை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, கேட்பவரும் மறந்துவிடுகிறார். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதி வைக்கிறேன். நல்லா ஓடிக்கொண்டிருந்த கூலரைக் கழற்றி எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், போகப்போகிற பம்பை மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்கும் பொருள், இரண்டுமே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கம்பெனியிலேயே கூலன்ட் (சூட்டை எடுத்துக்கொண்டு போகும் திரவம்) நிரப்பிச் சீல் செய்து வருவதை ஏஐஓ என்கிறோம். பம்ப், பிளாக் (சிபியுவைத் தொட்டுச் சூட்டை வாங்கும் உலோகக் கட்டை), ரேடியேட்டர், டியூப் எல்லாம் தனித்தனியாக வாங்கி நாமே கோப்பது கஸ்டம் லூப். முதலில் ஏஐஓ, பிற்பகுதியில் கஸ்டம் லூப்.

முதல்ல பம்ப் எங்கதான் இருக்கு? எனக்குத் தெரியறது ரேடியேட்டரும் ஃபேனும்தான்.

பெரும்பாலான ஏஐஓவில் சிபியு மேல் உட்கார்ந்திருக்கும் டப்பாவுக்குள்தான் பம்ப். மேலே லோகோ எரியும், சிலவற்றில் குட்டித் திரைகூட இருக்கும். அதற்கு அடியில் சின்ன மோட்டார், அதற்கும் அடியில் சிபியுவைத் தொடும் செப்புத் தகடு. டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் பிரபலமாக்கிய அமைப்பு இது. பெட்டியில் என்ன பிராண்ட் பெயர் இருந்தாலும் உள்ளே அசெடெக் செய்து கொடுத்ததாக இருப்பது சகஜம். சில கூலர்களில் இடம் மாறும்: பி கொயட்டின் ப்யூர் லூப்பில் பம்ப் டியூபின் நடுவே இருக்கிறது, சில கம்பெனிகள் ரேடியேட்டருக்குள்ளேயே வைத்துவிடுகின்றன.

பம்புக்குள் எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. சுற்றும் பாகம் கூலன்டில் மூழ்கியே கிடக்கிறது. அந்தக் கூலன்ட்தான் அதற்கு மசகு, அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அதேதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே புரியும். திரவம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று வந்தால் சத்தம் வரும், அப்படியே நெடுநாள் ஓடினால் தேய்ந்துவிடும்.

சத்தம் பம்ப்ல இருந்துதான் வருதா, இல்ல ஃபேனா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் ஃபேன்களைக் கழித்துக்கட்டுங்கள். பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் செட்டிங் திரைக்குள் போய் (ஆசுஸ் போர்டில் கியூ ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று பெயர்) பம்ப் தவிர மற்ற எல்லா ஃபேனையும் ஒரு நிமிடத்துக்குக் குறைந்த வேகத்தில் போடுங்கள், நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள். பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போது ஒரு நிமிடத்தில் எதுவும் ஆகிவிடாது. சத்தம் போய்விட்டால் பம்ப் மேல் பழி வேண்டாம், ஃபேன் பேரிங்கையோ இறக்கையில் உரசும் வயரையோ பாருங்கள்.

சத்தம் அப்படியே இருந்தால் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடியைக் காதை ஒட்டி வைத்து, நுனியை பம்ப் டப்பாவின் பிளாஸ்டிக் மூடி மேல் மெதுவாகத் தொடுங்கள். பைக் மெக்கானிக் எஞ்சின் சத்தம் கேட்கும் அதே முறைதான். பம்ப் காதுக்குள்ளேயே ஓடுவது போலக் கேட்கும். அப்புறம் அதே நுனியை ஹார்டு டிஸ்க் மேல், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மேல், ரேடியேட்டர் ஓரத்தில் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். எங்கே சத்தம் கூடுகிறதோ அதுதான் ஆள். மதர்போர்டின் மேல் மட்டும் இரும்பு நுனி படவே கூடாது. பயமாக இருந்தால் மரக்குச்சி அல்லது சுருட்டிய தடிப்பேப்பர் குழாய் போதும்.

இரண்டு பேர் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) எழுப்பும் கீச்சொலி. கேம் ஓடும்போது மட்டும் வந்து, ஃபிரேம் ரேட் ஏற ஏறத் தொனி மாறினால் அது பம்ப் இல்லை, கார்டு. இன்னொன்று ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 வைத்திருப்பவர்கள்: அந்த பம்ப் டப்பாவிலேயே 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன் ஒன்று இருக்கிறது, சத்தம் அதிலிருந்தும் வரலாம்.

என் பம்ப் போடற சத்தத்தை வாயால சொல்லிக் காட்டறேன், என்ன கோளாறுன்னு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். சொல்லப்போனால் நான் எல்லோரிடமும் முதலில் கேட்பதே இதைத்தான், ஏனென்றால் சத்தத்தைச் சொல்ல நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. "களகள", "சொளசொள" என்று ஓடை ஓடுவது போலக் கேட்டால் அது ரேடியேட்டரிலோ டியூபிலோ ஓடும் காற்றுக்குமிழி. "கரகர", "கடகட" என்று கூழாங்கல் உருட்டுவது போல இருந்தால் காற்று பம்புக்குள்ளேயே சிக்கியிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க ஒரே வழி, காற்றை நகர்த்திப் பார்ப்பது. எப்படி என்று கீழே சொல்கிறேன். நகர்த்தியதும் சத்தம் போனால் காற்று, எத்தனை முறை நகர்த்தியும் அதே கரகரப்பு என்றால் பேரிங்.

"ங்ங்ங்" என்று ஒரே சீராக ரீங்காரம் வந்தால் மோட்டாரின் அதிர்வு கேபினெட் தகட்டில் ஏறியிருக்கலாம். "கீய்ய்ங்" என்று மெல்லிய கூர்மையான ஒலி என்றால் மின்சாரம் போகும் விதத்தைச் சந்தேகப்படுங்கள், ஹெடர் (மதர்போர்டில் வயரைக் குத்தும் இடம்) பற்றிய கேள்வியில் வருகிறது. "டிக்... டிக்... டிக்" என்று நின்று நின்று வந்து, கூடவே ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) விழுந்து ஏறினால் கவலைப்பட வேண்டிய சத்தம் அது. பம்ப் ஓட முயன்று முயன்று நிற்கிறது.

நேத்துதான் வாங்கினேன், ஆன் பண்ணினதும் களகளன்னு சத்தம். ரிட்டர்ன் போட்டுடட்டுமா?

இரண்டு நாள் பொறுங்கள். பெட்டி லாரியில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடந்து வந்திருக்கும், உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று எல்லா இடத்திலும் சிதறியிருக்கும். சில மணி நேரம் ஓடினால் அது தானாக ரேடியேட்டரின் மேல்பகுதியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். முதல் ஐந்து பத்து நிமிடம் சலசலப்பது பெரும்பாலும் சாதாரணம்.

ஆனால் ரிட்டர்ன் காலக்கெடு எப்போது முடிகிறது என்று இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றை நகர்த்தியும் சத்தம் குறையவில்லை, கெடுவுக்கு ஒரு நாள்தான் பாக்கி என்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெடு தாண்டினால் வாரன்டி வழியாகத்தான் போக வேண்டும், அதில் வாரக்கணக்கில் கூலர் இல்லாமல் காத்திருக்க நேரும்.

சீல் பண்ணின பொருள்தானே, உள்ளே எப்படிக் காத்து போச்சு?

கொஞ்சம் காற்று முதலிலிருந்தே இருக்கிறது. சூடானால் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டும். கூலன்டில் கரைந்திருக்கும் காற்றும் சூட்டில் பிரிந்து குமிழியாகும், அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாக முத்துக் கட்டுமே, அது போல.

அப்புறம் வருடக்கணக்கில் நடக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ரப்பர் டியூப் வழியாகத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகக் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். எங்கும் ஈரம் தெரியாது, லீக் இல்லை, ஆனால் உள்ளே அளவு குறையும், அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். முதல் வருடம் அமைதியாக இருந்த கூலர் நான்காம் வருடம் சலசலக்க ஆரம்பிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நல்ல ஏஐஓக்களுக்கு 5, 6 வருடம்தான் வாரன்டி கொடுக்கிறார்கள் என்பதற்கும் இதில் பங்கு உண்டு.

ரேடியேட்டரை மேல மாட்டணுமா, முன்னாடி மாட்டணுமா? டியூப் மேல வரணுமா, கீழ வரணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஒரே விதிதான்: காற்று மேலே போகும், அந்த மேல் இடம் பம்ப் ஆகிவிடக் கூடாது. உங்கள் கேபினெட்டை எதிரே நின்று பாருங்கள். ரேடியேட்டரின் உச்சி பம்பை விட உயரத்தில் இருக்கிறதா? இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கேபினெட்டின் கூரையில் மாட்டினால் முழு ரேடியேட்டரும் பம்புக்கு மேலே வந்துவிடும், அதுதான் சிறந்தது.

முன்பக்கம் நிற்க வைத்து மாட்டினால் டியூப் கீழ்ப்பக்கம் வருவது மேல். காற்று ரேடியேட்டரின் மேல் தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும், டியூப் வாய்கள் கீழே கூலன்டுக்குள் மூழ்கியே இருக்கும், காற்றை உறிஞ்சாது. டியூப் நீளம் போதாமல் மேலே வைத்தே ஆக வேண்டும் என்றால் கூலர் உடனே கெட்டுவிடாது. ரேடியேட்டரின் உச்சி பம்புக்கு மேலே இருந்தால் பம்ப் பிழைத்துக்கொள்ளும், ஆனால் டியூப் வாய் இருக்கும் அதே இடத்தில் காற்றும் இருப்பதால் களகள சத்தம் வர வாய்ப்பு அதிகம். கேபினெட்டின் தரையில் மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்போது பம்ப்தான் உச்சி, காற்று முழுக்க அதன் தலையில் போய்ச் சேரும். இப்படி மாட்டி ஒரு வருடத்தில் கரகரத்துப்போன பம்புகளை என் கையால் கழற்றியிருக்கிறேன்.

சரி, உள்ளே இருக்கற காத்தை எப்படி நகர்த்தறது?

ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதன் பவர் கேபிளைக் கழற்றிவிடுங்கள், சுற்றும்போது சாய்த்தால் அதற்கு ஆகாது. கிராபிக்ஸ் கார்டு கனமானது என்றால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள். பம்ப் வேகத்தை முழுசாக வைத்து மெஷினை ஆன் செய்து பயாஸிலேயே நிற்க விடுங்கள்.

இப்போது கேபினெட்டை இரண்டு கையாலும் பிடித்து, ரேடியேட்டரில் டியூப் சேரும் முனை தாழ்ந்தும் எதிர் முனை உயர்ந்தும் இருக்கும்படி மெதுவாகச் சாயுங்கள். 30, 40 டிகிரி போதும். அப்படியே அரை நிமிடம் பிடியுங்கள். நேராக்கி, மறுபக்கம், முன்பக்கம், பின்பக்கம் என்று செய்யுங்கள். நடுநடுவே விரல் நுனியால் ரேடியேட்டரின் ஓரத்தில் தட்டுங்கள், சப்பாத்தி மாவில் ஒட்டிய மாவைத் தட்டுகிற அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம். டியூபை மடியாமல் லேசாகப் பிதுக்கி விடலாம். ஒரு கட்டத்தில் "களக்" என்று பெரிய குமிழி ஒன்று கடந்து போவது கேட்கும், அதற்குப் பின் பம்ப் சத்தம் சட்டென்று அடங்கும். அந்த வித்தியாசத்தை ஒரு முறை கேட்டவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது.

கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் கேபினெட்டைப் படுக்க வைத்துக் கொண்டுபோன தம்பி ஒருவர், பம்ப் போய்விட்டது என்று முடிவு செய்து புது கூலருக்கு விலை கேட்டு எனக்குப் போன் செய்தார். வீடியோ காலில் இதைச் செய்ய வைத்தேன். மூன்றாவது சாய்ப்பில் நின்றது.

பம்ப் வேகத்தைக் குறைச்சுட்டா சத்தமும் குறையுமே, குறைக்கலாமா?

சத்தம் என்ன என்று தெரிந்த பிறகு குறைக்கலாம். காற்று இருக்கும்போது வேகத்தைக் குறைத்தால் சத்தம் மறையும், காற்று பம்புக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் மேலே சொன்னபடி நகர்த்திவிட்டு அப்புறம் குறையுங்கள்.

ஏஐஓ பம்புகள் பொதுவாக 2000 முதல் 3000 ஆர்பிஎம் வரை ஓடும். முழு வேகத்திலிருந்து 70, 80 சதவீதத்துக்கு இறக்கினால் சிபியு சூட்டில் பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் மாறும், காதுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். அதற்கும் கீழே போவதில் லாபம் குறைவு. முக்கியமாக, பம்பை ஃபேன் போல சூட்டுக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நிறுத்துங்கள். நிலையான சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 போல பம்பும் ஃபேனும் ஒரே கேபிளில் வரும் கூலரில் இப்படித் தனியாக நிறுத்த முடியாது, இரண்டும் சேர்ந்தே ஏறும், இறங்கும்.

பம்ப் வயரை எந்த ஹெடர்ல குத்தணும்? சிபியு ஃபேன்லதான் குத்தியிருக்கேன், ஒரு கீச் சத்தம் வருது.

போர்டில் ஏஐஓ பம்ப் என்றோ பம்ப் ஃபேன் என்றோ எழுதியிருக்கும் ஹெடர் இருந்தால் அதில் குத்துங்கள், சாதாரணமாக அது முழு வேகத்திலேயே ஓட்டும். சிபியு ஃபேன் ஹெடரில் ரேடியேட்டர் ஃபேனைக் குத்துங்கள், இல்லையென்றால் ஆன் செய்யும்போது சிபியு ஃபேன் எரர் என்று நிற்கும். சிபியு ஃபேன் ஹெடரில் பம்பைக் குத்துவது தவறில்லை, ஆனால் அது சூட்டைப் பார்த்து வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அதை பயாஸில் மாற்றியாக வேண்டும்.

கீச் சத்தத்துக்கு வருகிறேன். வயர் முனையில் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். மூன்று என்றால் வேகத்தைக் குறைக்க போர்டு வோல்டேஜைக் குறைக்கும். 12 வோல்ட்டில் ஓட வேண்டிய பம்பை 6, 7 வோல்ட்டில் ஓட்டினால் சில முனகும், சில நின்றே போகும். அந்த ஹெடரை டிசி மோடில் (வோல்டேஜால் வேகத்தை மாற்றும் முறை) 100 சதவீதம் என்று வைத்துவிடுங்கள். நான்கு ஓட்டை என்றால் அது பிடபிள்யூஎம் (வோல்டேஜைக் குறைக்காமல் தனி வயரில் சிக்னல் கொடுத்து வேகத்தை மாற்றும் முறை), ஹெடரையும் பிடபிள்யூஎம் மோடுக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் தவறாக எடுத்துக்கொள்கின்றன. ஹெடரில் மோட் மாற்றியதும் கீச் சத்தம் போன கேஸ்கள் நிறைய, அதனால் கூலரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

சாட்டா பவரில் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் கேபிளில்) குத்தும் பம்ப் என்றால் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, அதன் வேகத்தை அதற்கான சாஃப்ட்வேர்தான் முடிவு செய்யும். அதில் எக்ஸ்ட்ரீம் என்று இருந்தால் பேலன்ஸ்டுக்கு இறக்கிப் பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் முழு கேபினெட்டும் ஊம்முனு ரீங்காரம் போடுது, கூட்டினாலும் குறைச்சாலும் போயிடுது. ஏன்?

பம்பின் அதிர்வும் கேபினெட் தகட்டின் இயல்பான அதிர்வும் அந்த வேகத்தில் ஒத்துப்போகின்றன. பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள், ரீங்காரம் நின்றால் உறுதி. 100, 150 ஆர்பிஎம் தள்ளி வைத்தால் போதும். கூடவே டியூப் எதையாவது இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கிறதா, பம்பின் நான்கு ஸ்க்ரூவும் ஒரே அளவு இறுகியிருக்கிறதா, ரேடியேட்டர் ஸ்க்ரூ ஏதும் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காலையில ஆன் பண்ணும்போது மட்டும் ஒரு நிமிஷம் சத்தம், அப்புறம் இல்ல.

இரவு முழுக்க நின்றதில் குமிழிகள் இடம் மாறியிருக்கும், ஓட ஆரம்பித்ததும் திரும்பத் தம் இடத்துக்குப் போகின்றன. அந்த ஒரு நிமிடம் மாதாமாதம் நீண்டுகொண்டே போனால் மட்டும் கவனியுங்கள், கூலன்ட் குறைகிறது என்று பொருள்.

ஆர்பிஎம் 2700 காட்டுது, ஆனா சிபியு 95 டிகிரி போகுது. பம்ப் ஓடுதா, ஓடலையா?

மோட்டார் சுற்றுகிறது என்பதற்குத்தான் ஆர்பிஎம் சாட்சி, கூலன்ட் ஓடுகிறது என்பதற்கு இல்லை. செப்புத் தகட்டுக்குள் முடி போல மெல்லிய பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன. ரேடியேட்டர் அலுமினியம், தகடு செம்பு, நடுவில் பல வருடப் பழைய கூலன்ட். அரிப்பைத் தடுக்கும் மருந்து தீர்ந்துபோனால் உள்ளே பிசுக்குப் படிந்து அந்தப் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். பம்ப் நன்றாகச் சுற்றும், ஓட்டம் இருக்காது.

கையால் தொட்டுப் பாருங்கள். சிபியுவுக்கு நல்ல வேலை கொடுத்து ஐந்து நிமிடம் கழித்து இரண்டு டியூபையும் பம்ப் ஓரத்தில் பிடியுங்கள். ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இளஞ்சூடு, ரேடியேட்டரும் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். பம்ப் டப்பா கொதிக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது என்றால் கூலன்ட் நகரவில்லை. இரண்டுமே இல்லாமல் எல்லாம் ஜில்லென்று இருந்து சிபியு மட்டும் சுடுகிறது என்றால் சிபியுவுக்கும் தகட்டுக்கும் இடையே தொடர்பு சரியில்லை. தெர்மல் பேஸ்ட்டையும், தகட்டின் பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்பதையும் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும்: ரைசன் 7000 வரிசையில் பல சிபியுக்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணை மட்டும் வைத்து பம்பைக் குறை சொல்ல முடியாது.

பம்ப் திடீர்னு நின்னுட்டா சிபியு எரிஞ்சு போயிடுமா?

எரியாது. சூடு எல்லை தொட்டதும் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், இன்டெலில் பலவற்றுக்கு 100 டிகிரி, ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலும் 90. அதற்கும் மேலே போனால் மெஷின் அணைந்துவிடும். ஆனால் சேமிக்காத வேலை போகும், தினமும் இப்படி நடக்க விடுவது எதற்கும் நல்லதல்ல. பயாஸில் பம்ப் ஹெடருக்குக் குறைந்தபட்ச ஆர்பிஎம் எச்சரிக்கை வைக்கும் வசதி இருந்தால் வைத்துவிடுங்கள்.

வெயில் காலம் வந்தா சத்தம் ஜாஸ்தி ஆகுது. பம்ப் கெட்டுப்போகுதா?

பெரும்பாலும் ஃபேன்கள்தான். கூலன்ட் ஒருநாளும் அறையை விடக் குளிராது. ஏசி இல்லாத அறையில் மே மாதம் 38 டிகிரி என்றால் கூலன்ட் அதிலிருந்துதான் மேலே ஏறும், கேமில் 50ஐத் தொடுவது சகஜம். பல ஏஐஓக்களுக்கு 60 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் கேபினெட்டின் தூசி வலையைக் கழுவுங்கள், ரேடியேட்டர் இடுக்கில் புளோயர் அடியுங்கள். சூட்டில் டியூப் வழியாகக் கசிவதும் கூடும் என்பதால் நம் ஊரில் கூலர் கொஞ்சம் சீக்கிரம் வயதாகும் என்பது என் அனுபவம்.

ஏஐஓவைத் திறந்து நானே கூலன்ட் ஊத்திடலாமா?

நிரப்பும் வாய் வைத்தே சில வருகின்றன, பி கொயட்டின் ப்யூர் லூப், சைலன்ட் லூப் 2 போல. அவற்றில் தாராளமாகச் செய்யலாம். அல்ஃபாகூலின் ஐஸ்பேர் போன்றவை கஸ்டம் லூப் பாகங்களாலேயே ஆனவை, அவையும் பிரச்சினையில்லை. மற்றவற்றில் சீலை உடைத்தால் வாரன்டி போய்விடும், திரும்ப மூடியது கசிந்தால் மதர்போர்டும் கார்டும் நனையும். வாரன்டி முடிந்து, எறியப்போகும் நிலையில் இருந்தால் முயன்று பாருங்கள், ஆனால் வெளியே வைத்து ஒரு நாள் முழுக்கக் காகிதம் விரித்து ஓட்டிய பிறகே மாட்டுங்கள்.

திறப்பதற்கு முன் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்க்டிக் நிறுவனம் லிக்விட் ஃப்ரீசர் 2 வரிசையில் ரப்பர் கேஸ்கட் கோளாறு என்று 2022இல் தானே அறிவித்து, மாற்று கிட்டை இலவசமாகக் கொடுத்தது.

கஸ்டம் லூப் போட்டேன். டி5 வாங்கறதா, டிடிசி வாங்கறதா? எது சத்தம் கம்மி?

கஸ்டம் லூப்பில் போடும் இரண்டு பம்ப் வகைகள் இவை, இரண்டுமே லாயிங் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வடிவமைப்பு. டி5 பெரியது, சத்தம் தாழ்ந்த தொனியில் வரும். டிடிசி சின்னது, அழுத்தம் அதிகம், சூடு அதிகம், தொனியும் கூர்மை. அமைதிதான் வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் டி5 என்றே சொல்வேன். அதன் வேகம் 1800இலிருந்து 4800 ஆர்பிஎம் வரை போகும், 2500 பக்கம் வைத்தாலே ஒரு சிபியு, ஒரு கார்டுக்குப் போதும். அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் அல்லது ரப்பர் வைத்து மாட்டுங்கள், இரும்பில் நேராக மாட்டினால் கேபினெட்டே ஸ்பீக்கர் ஆகிவிடும். மோட்டார் மேலே, வாய் கீழே என்று தலைகீழாகவும் மாட்டாதீர்கள், காற்று பேரிங்கில் போய் நிற்கும். பவரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக எடுங்கள், பல ஹெடர்கள் 1 ஆம்பியர்தான் தாங்கும், டி5 முழு வேகத்தில் அதற்கு மேல் இழுக்கும்.

லூப் நிரப்பும்போது பம்ப் கர்ர்னு கத்துது. விட்டா சரியாயிடுமா?

உடனே நிறுத்துங்கள். பம்ப் உலர்ந்து ஓடுகிறது, முதல் பதிலில் சொன்ன மசகு அங்கே இல்லை. ரிசர்வாயர் (கூலன்ட் ஊற்றும் தொட்டி) பம்புக்கு மேலே இருக்க வேண்டும், அதை நிரப்புங்கள், ஐந்து வினாடி ஓட்டுங்கள், அளவு இறங்கியதும் நிறுத்துங்கள், மறுபடி நிரப்புங்கள். இறங்குவது நிற்கும் வரை இதுதான் வேலை. இதற்காக மெஷினை ஆன் செய்ய வேண்டியதில்லை. போர்டுக்கும் கார்டுக்கும் போகும் பவர் கேபிள்களை எல்லாம் கழற்றிவிட்டு, போர்டிலிருந்து கழற்றிய பெரிய 24 பின் கேபிள் முனையில் ஜம்பர் பிளக் ஒன்றைக் குத்தினால் எஸ்எம்பிஎஸ் பம்பை மட்டும் ஓட்டும்.

அப்புறம் மூடியை மூடிக்கொண்டு, மேலே சொன்ன சாய்க்கும் வேலையைச் செய்யுங்கள். பொடிக்குமிழி எல்லாம் அடங்க ஒரு நாள் ஆகும், கூலன்ட் பால் போல மங்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். எல்லாம் முடிந்தும் சலசலத்தால் ரிசர்வாயரைப் பாருங்கள், வாஷ் பேசினில் தண்ணீர் இறங்கும்போது வரும் சுழி போல உள்ளே விழுந்து பம்ப் காற்றை இழுக்கும். அளவை உயர்த்துங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

வீட்டு ஆர்ஓ தண்ணி ஊத்தினா என்ன?

வேண்டாம். ஆர்ஓவிலும் உப்பு மிச்சம் இருக்கும், ருசிக்காகக் கனிமத்தைத் திரும்பச் சேர்க்கும் மெஷின்களும் உண்டு. போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கெட்டில் படியும் வெள்ளைக்கறை அப்படியே பம்ப் பேரிங்கிலும் படியும். அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்து வரும் ரெடிமேட் கூலன்ட் வாங்குங்கள். செம்பு, பித்தளைப் பாகங்களோடு அலுமினியத்தை ஒரே லூப்பில் சேர்க்காதீர்கள்.

டி5 மூணு வருஷம் ஓடிச்சு, இப்போ கரகரன்னு இருக்கு. காத்தெல்லாம் எடுத்தாச்சு.

லூப்பை வடித்துவிட்டு பம்பின் தலையைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் சுழலி ஒரே ஒரு செராமிக் குண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, காந்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. விரலால் நேராக இழுத்தால் "டொப்" என்று கையோடு வரும். குண்டையும் சுழலியின் குழியையும் மெல்லிய துணியால் துடையுங்கள், பிளாஸ்டிக் துணுக்கு, படிவம் ஏதாவது இருக்கும். கழுவி மாட்டியதும் பாதி பம்புகள் பழைய அமைதிக்குத் திரும்பிவிடுகின்றன. குழியில் நகத்துக்குத் தட்டுப்படும்படி கோடு விழுந்திருந்தால் பம்ப் மோட்டாரை மட்டும் மாற்றலாம், மேல்மூடியும் ரிசர்வாயரும் அப்படியே பயன்படும்.

வாரன்டிக்கு அனுப்பினா "சத்தம் எதுவும் இல்ல"ன்னு திருப்பி அனுப்பிடறாங்க.

எனக்கும் ஒரு முறை நடந்தது. அவர்கள் ஒரு நிமிடம் மேசை மேல் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், அந்தக் கோணத்தில் சத்தம் வரவில்லை. அதிலிருந்து ஒரே வீடியோவில் எல்லாவற்றையும் எடுத்து அனுப்புகிறேன்: ஃபேன் நின்றிருப்பது, திரையில் ஆர்பிஎம், போனை பம்புக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவான சத்தம், சாய்த்தும் போகாதது, கூலரின் சீரியல் நம்பர். பில்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தெர்மல் பேப்பர் பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

ரெண்டு மாசமா சத்தம் போட்டுட்டு இருந்துச்சு, நேத்து தானாவே நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு விட்டுடலாமா?

இப்போதே பயாஸைத் திறந்து பம்ப் ஆர்பிஎம் பாருங்கள். பழைய எண்ணே காட்டி, சிபியு சூடும் பழையபடியே இருந்தால் குமிழி நகர்ந்திருக்கிறது, விட்டுவிடலாம். பூஜ்யம் காட்டினால், அல்லது எண் சரியாக இருந்தும் சும்மா இருக்கும்போதே சிபியு 70, 80 என்று ஏறிக்கொண்டே போனால் பம்ப் நின்றுவிட்டது. மெஷினை அணைத்துவிட்டு வாரன்டி பில்லைத் தேடுங்கள்.